கடல்ல இருக்காரு

சின்னப்பொண்ணுவுக்கு வாய் இருந்தது. வீராயிக்கு மீன்தான் இருந்தது. வீராம்பட்டினத்திலிருந்து டவுனுக்குக் கூடை சுமக்கிற பெண்களுக்குள் இது சாதாரண வித்தியாசமில்லை. இரண்டு பேரும் ஒரே கரையில் எடுத்த மீனை ஒரே தெருவில்தான் கொண்டுபோய் இறக்குவார்கள். சின்னப்பொண்ணு கூடையை இறக்குவதற்கு முன்னாலேயே, "யம்மோவ், நேத்து குடுத்த சங்கராவத் துன்னுட்டு உம் மருமவன் ஊருக்கே போவமாட்டன்னுட்டாராமே!" என்று ஆரம்பித்துவிடுவாள். வீடே சிரித்துக்கொண்டு வாசலுக்கு வரும்.

வீராயி கூடையை இறக்குவாள், ஈரச்சாக்கை விலக்குவாள், நிற்பாள். அவ்வளவுதான். கண் தெளிவாக இருக்கிறது, செவுள் சிவப்பாக இருக்கிறது, பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று அவளுக்கு நினைப்பு. அப்படியெல்லாம் யார் வாங்குகிறார்கள்? வெயில் ஏற ஏற மீனின் கண் மங்கும். மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் என்று திரும்ப நடந்து, வீட்டுக்குப் போய் உப்புப் போட்டுக் காயவைப்பாள். அவள் புருசன் சுப்பராயன் கட்டுமரத்தில் போய்ப் பிடித்து வருகிற நல்ல மீனில் பாதி இப்படிக் கருவாடாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "உன்னக் கட்டிகினதுக்கு ஒரு உப்பளத்தக் கட்டியிருக்கலாம்" என்று அவன் கிண்டல் செய்வான். நல்ல மனுஷன். கோபம் வந்தாலும் சிரித்துக்கொண்டேதான் வரும்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூன்றாவது வருஷம். ஆவணி மாத வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள், சம்பா கோயில் என்கிற மாதா கோயிலுக்குப் பின்புறத் தெருவில், பச்சைக் கதவு போட்ட வீட்டின் முன்னால் வீராயி நின்றாள். அது ஏலேன் மதாம் வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாகப் போனவர்களை ஊரில் சொல்தா என்பார்கள்; அப்படி ஒரு குடும்பம். மதாம் கறுத்து ஒல்லியாக இருப்பாள், கவுன்தான் போடுவாள், யாரோடும் அதிகம் பேசமாட்டாள். அன்றைக்கு என்னவோ கதவைத் திறந்துகொண்டு நின்று பார்த்தாள். வியர்வையில் வீராயியின் குங்குமம் வழிந்து போயிருந்தது. தாலிக்கயிறு, கூடை தூக்கும்போது சிக்காமலிருக்க, எப்போதும்போல ரவிக்கைக்குள் கிடந்தது.

"இந்த வெயில்ல ஏன் ஒருத்தியா தூக்கிகினு அலையிற? உன் வீட்டுக்காரர் எங்க?" என்று மதாம் கேட்டாள்.

"கடல்ல இருக்காரு மதாம்."

கரையில் இது ஒரு பேச்சே இல்லை. ஒருத்தன் மில்லில் இருக்கிறான், ஒருத்தன் கடையில் இருக்கிறான், சுப்பராயன் கடலில் இருக்கிறான். பொழுது சாய்ந்தால் வருவான். ஆனால் ஏலேன் மதாம் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"மோன் தியே! கடவுளே!" என்றாள். பிறகு, "எல்லாத்தையும் குடுத்துட்டுப் போ" என்றாள்.

வீட்டில் விருந்தாளி வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, வீராயி காலிக்கூடையை ஆட்டிக்கொண்டு வீடு திரும்பினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலிக்கூடையோடு அவள் அவ்வளவு சீக்கிரம் வந்ததே கிடையாது.

மறுமுறை போனபோது மதாம் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கையில் காப்பியைக் கொடுத்தாள். சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான்.

"எங்க வீட்டுக்காரர் க்சாவியேவும் அப்படித்தான் வீராயி. பட்டாளத்தோட தோன்கின் தேசத்துச் சண்டைக்குன்னு கப்பலேறினாரு. கூடப் போனவங்கள்ளாம் வந்துட்டாங்க. இவரப் பத்தி மட்டும் தெரியலங்கறாங்க. செத்துட்டாருன்னும் சொல்லல, இருக்காருன்னும் சொல்லல. தினம் அவருக்கும் சேத்துத்தான் தட்டு வைக்கிறேன். வவ்வா மீன்னா அவருக்கு அவ்ளோ பிடிக்கும். உனக்காவது பரவால்ல, கடல்லதான்னு தெரிஞ்சிபோச்சி."

அப்போதுதான் வீராயிக்கு உறைத்தது. காப்பி டம்ளர் கையைச் சுட்டது. ஐயோ மதாம், அவரு குத்துக்கல்லாட்டம் வூட்ல குந்திகினு வலை பின்றாரு என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவள் வாய் எப்போதும்போல மூடியே இருந்தது. திறக்க வேண்டிய ஒரே நேரத்திலும் திறக்காத வாயை என்ன சொல்லித் திட்டுவது?

"உன் வீட்டுக்காரருக்கு என்ன மீன் பிடிக்கும்?" என்று மதாம் கேட்டாள்.

"காலா மீனுன்னா உசிர உடுவாரு மதாம்" என்றாள் வீராயி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மதாம் அன்றைக்கும் நிறைய மீன் வாங்கினாள். அதோடு நிற்கவில்லை. பக்கத்து வீடு, எதிர்வீடு என்று தானே கூட்டிக்கொண்டு போனாள். "பாவம், புருசன் கடல்ல போயிட்டாரு. இவகிட்ட வாங்குங்க" என்றாள். அந்த வீடுகளில், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்கள். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்?

முதல் வீட்டில் தட்டுத்தடுமாறி என்னத்தையோ உளறினாள். அடுத்த வீட்டில் கொஞ்சம் கோர்வையாக வந்தது. நாலைந்து வீடு தாண்டியபோது அது அவளுக்கே தெரியாமல் ஒரு கதையாக நின்றுவிட்டது.

"ஐப்பசி மாசம்மா. நல்ல வாடைக்காத்து. விடியக்காலம் கூழு கரைச்சி வெச்சன். 'வந்து குடிக்கிறன், மூடி வெய்யி'ன்னாரு. மூடி வெச்சன். கட்டுமரம் மட்டுந்தான் கரை ஒதுங்குச்சி."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, குனிந்து, கூடையின் ஈரச்சாக்கைச் சரிசெய்வாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசமாட்டாள். கேட்டவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ன மீன் வெச்சிருக்க?" என்பார்கள். மீனின் கண்ணை யாரும் பார்ப்பதில்லை. பேரமும் இல்லை. சின்னப்பொண்ணு காலமெல்லாம் கத்திக் கத்திச் செய்த வியாபாரத்தை வீராயி குனிந்து ஒரு சாக்கைத் தொட்டுச் செய்தாள்.

வீட்டில் கருவாட்டு நாற்றம் குறைந்தது. சுப்பராயன் புது வலைக்கு நூல் வாங்கினான். "டவுன்காரனுக்கு இப்பத்தான் நாக்கு வந்துருக்கு போலருக்கே!" என்று சந்தோஷப்பட்டான். வீராயிக்குச் சோறு இறங்கவில்லை. டவுனுக்குள் நுழைகிற வாய்க்கால் பாலத்தில் முந்தானையால் பொட்டை அழிப்பாள். திரும்பும்போது அதே பாலத்தில், முடிச்சில் வைத்திருக்கும் குங்குமத்தை எடுத்துக் காலணா அகலத்துக்கு அப்பிக்கொள்வாள். "இன்னாமே, திருவிழாக்கா போயிட்டு வர?" என்று சுப்பராயன் கேட்டால், அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவன் தட்டில் மீனாக அள்ளி வைப்பாள். அவன் கடலில் இருக்கும்போதெல்லாம் செங்கழுநீர் அம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து, "ஆத்தா, வவுத்துப் பொழப்புக்குச் சொன்னன், காதுல போட்டுக்காத" என்று கெஞ்சுவாள். செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். மறுநாள் பாலத்தில் பொட்டை அழிப்பாள்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஏலேன் மதாம் வரவரத் தெளிந்துகொண்டு வந்தாள். வீராயியோடு உட்கார்ந்து இரண்டு புருசன்களைப் பற்றியும் பேசிப் பேசி அவள் பேச்சு மெல்ல மாறியது. "வவ்வா பிடிக்கும்" என்றவள், ஒருநாள், "வவ்வான்னா அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சி" என்றாள். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டுப்போய் வீராயியைப் பார்த்தாள். வீராயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். புரட்டாசியில் ஒருநாள், "இன்னிக்கி ஒரு மீன் போதும்" என்றாள் மதாம். மேசையில் ஒரு தட்டுதான் இருந்தது. வியாபாரத்துக்கு நஷ்டம். ஆனால் அன்றைக்கு மட்டும் வீராயி நிம்மதியாக வீட்டுக்கு நடந்தாள். நம்ம பொய்யிலயும் ஒரு புண்ணியம் இருக்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்தது. மதாம் ஒரு நாள் சொன்னாள்:

"கல்லறைத் திருநாள் வருது வீராயி. எல்லாரும் அவங்கவங்க குழிக்குப் போய்ப் பூ வைப்பாங்க. நான் இதுவரைக்கும் போனதேயில்ல. இந்த வருசம் போலாம்னு இருக்கேன். அவருக்குக் குழி இல்ல. உன் வீட்டுக்காரருக்கும் இல்ல. குழி இல்லாதவங்களுக்குன்னு நடுவுல பெரிய சிலுவை இருக்கு. அங்க ரெண்டு மெழுகுவத்தி கொளுத்தலாம். எனக்கு ஒருத்தியா போக பயமாருக்கு. நீ வா. உன் கையாலயே உன் புருசனுக்கு ஏத்து."

 வீராயி வாயால் சொன்னது ஒன்று. ஐப்பசிக் கடலில் புருசன் இருக்கும்போது கையால் அவனுக்குச் சாவு விளக்கு ஏற்றுவதா? "வரேன் மதாம்" என்றுதான் சொன்னாள். அவளுக்கு வேறு என்ன தெரியும்?

அந்த வாரத்திலேயே கரையில் வெடித்துவிட்டது. வலை இழுத்த களைப்பில் சுப்பராயன் கட்டுமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, வீராயி சோற்றுத் தூக்கோடு போனாள். ஏலம் நடந்துகொண்டிருந்தது. கரையே கூடியிருந்தது. தன் வாடிக்கை வீடுகளையெல்லாம் வீராயியிடம் பறிகொடுத்திருந்த சின்னப்பொண்ணு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி, செத்த புருசனுக்குச் சோறா எடுத்துகினு வர?"

ஏலத்துக்கு நின்றவர்கள், "இன்னாமே சொல்ற?" என்று சின்னப்பொண்ணு பக்கம் திரும்பினார்கள்.

"அப்பறம் இன்னா! டவுன்ல கேட்டுப் பாருங்க. கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்குச்சாம். சுப்பராயன் கடல்ல போயிட்டானாம். முண்டச்சின்னு சொல்லித்தான் மீன் விக்கிறா மவராசி! டவுன் வூட்டுச் சமையக்காரம்மா ஒருத்தி என்னாண்ட கேக்கறா, பாவம் அந்த வீராயிக்குப் புள்ளைங்க எத்தினின்னு!"

எல்லோரும் சுப்பராயனைப் பார்த்தார்கள். அவன் தூக்கை வாங்கித் திறந்து மோந்தான். "செத்தவனுக்கு இன்னா கொழம்புடி இன்னிக்கி?" என்றான். கரை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் சோற்றைப் பாதியில் மூடிவைத்துவிட்டான்.

சாயங்காலம் வாசலில் கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டான்.

"எப்பிடிச் செத்தன்? சொல்லு."

"யோவ், வுடுய்யா."

"டவுனுக்கே சொன்னியே. எனக்குச் சொன்னா இன்னா? செத்தவன் நானு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஐப்பசியா?" என்று அவன் குறுக்கே விழுந்தான். "வாடையடிக்கறப்ப வானத்தப் பாக்காம எறங்க நான் இன்னா கேனயனா? சித்திரைன்னு வெச்சிருக்கலாம் இல்ல? திடீர்க் காத்துன்னு. கடல் தெரிஞ்சவன் கேட்டா காறித் துப்புவான்." சிரித்தான். "காலான்னா உசிர உடுவேன்னு ஊரெல்லாம் சொல்லுவியே, கடைசில உட வெச்சிட்டியேடி! ம், அப்பறம்?"

"அப்பறம்... கூழு கரைச்சி வெச்சன். வந்து குடிக்கிறன், மூடி வெய்யின்னு..."

சுப்பராயனின் கையில் வலை ஊசி நின்றது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அத ஏன் சொன்ன?"

"தானா வந்துருச்சிய்யா."

"அது நான் சொல்றதுடி. தெனம் நான் உன்னாண்ட சொல்லிட்டுப் போறது. அதையா எடுத்து வித்த?"

அவள் அழுதாள். அவன் திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

மறுநாள் காற்று தணிந்து கடல் நன்றாக இருந்தது. மற்றவர்கள் கட்டுமரம் தள்ளினார்கள். சுப்பராயன் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மற்றவர்கள் இறக்குகிற மீன்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் அரிசிப் பானை தட்டியது. வீராயி பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒடம்புக்கு இன்னாய்யா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. போனா, கூழ மூடி வெய்யின்னு சொல்லிட்டுப் போவணும். அதச் சொல்ல வாயி வரல. சொல்லாமப் போவக் காலு வரல." கடலையே பார்த்துக்கொண்டு சொன்னான். "எத்தினி வூட்ல, எத்தினி பேரு எனக்காவ அழுதிருக்காங்க! அத்தினியும் எங்க போவும்? நீ போ. போய்த் திருப்பி வாங்கிகினு வா."

"எதய்யா?"

"என் சாவ."

கல்லறைத் திருநாளன்று தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கூடை எடுக்காமல் வீராயி டவுனுக்கு நடந்தது அதுதான் முதல் தடவை. பொட்டைப் பெரிதாக வைத்துக்கொண்டாள். தாலியை எடுத்து வெளியே போட்டுக்கொண்டாள். வாய்க்கால் பாலத்தில் கை தானாக முந்தானைக்குப் போயிற்று. சீ என்று உதறினாள். இனி அந்தத் தெருவில் ஒரு வீடும் வாங்காது என்று அவளுக்குத் தெரியும். காறித் துப்பினாலும் துடைத்துக்கொள்வது, எப்படியும் சொல்லிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

ஏலேன் மதாம் கறுப்புக் கவுன் போட்டுக் கிளம்பித் தயாராக இருந்தாள். மேசையில் சாமந்திப்பூவும் இரண்டு மெழுகுவத்தியும் இருந்தன. பொட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்ன வீராயி இது?"

"மதாம், எங்கூட்டுக்காரரு உசிரோட இருக்காரு."

மதாம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டாரா?"

"வரதுக்கு அவரு எங்கயும் போவல மதாம். கடல்ல இருக்காருன்னா மீன் புடிக்கப் போயிருக்காருன்னு அர்த்தம், எங்க பேச்சுல. நீங்க வேற மாதிரி எடுத்துகினீங்க. நான் வாயத் தொறக்கல. அப்பறம் வேணும்னே சொன்னன். மீன் விக்கறதுக்காவப் பொய் சொன்னன். அவரு எப்பவும் உசிரோடதான் இருந்தாரு. என்னச் செருப்பால அடிங்க மதாம்."

வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அவள் பேசியதே இல்லை. ஒன்றையும் ஒளிக்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, அடிக்காகவோ திட்டுக்காகவோ காத்துக்கொண்டு நின்றாள்.

மதாமின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாயோ சிரித்தது.

"எப்பவும் உசிரோடதான் இருந்தாரு" என்று மெதுவாகத் திரும்பச் சொன்னாள். "அதத்தானே நானும் முதல்ல சொல்லிகினு இருந்தேன்? எல்லாரும் பைத்தியம்னாங்க. கோயில் சாமியார்கூடச் சொன்னாரு, மனசத் தேத்திக்கோன்னு. நீ மட்டுமா பொய் சொன்ன? நானும் சொன்னேன். பிடிச்சிருந்துச்சின்னு சொன்னேனே! தட்ட எடுத்து உள்ள வெச்சேனே! உசிரோட இருக்கறவங்கள நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசிப் பேசியே கொன்னுட்டோம் வீராயி."

"இல்ல மதாம். எங்கூட்டுக்காரரு வேற. ஐயா வந்து..."

"ஐயா வந்து?" என்றாள் மதாம். அப்படி ஒரு முகத்தை வீராயி அதுவரை பார்த்ததில்லை. வரமாட்டாரு என்கிற ஒரு வார்த்தை மிச்சமிருந்தது. அவளுக்கும்தான் என்ன தெரியும், க்சாவியே வருவாரா மாட்டாரா என்று? வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மதாம் மெழுகுவத்திகளை அலமாரியில் போட்டு மூடினாள். சாமந்தியைத் தூக்கி ஒரு சாடியில் வைத்தாள். கல்லறைக்குப் போகவில்லை. கதவு வரைக்கும் வந்து வீராயியின் தாலிக்கயிற்றைத் தொட்டுப் பார்த்து அனுப்பினாள்.

"வாங்கிட்டியா?" என்று சுப்பராயன் வாசலிலேயே கேட்டான்.

"வாங்கிட்டன்யா."

"கோவப்பட்டாங்களா?"

"இல்ல. சந்தோசப்பட்டாங்க."

"நல்ல மனசுடி அவங்களுக்கு" என்றான் அவன். விடியக்காலையில் எழுந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டான். படியில் நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு, "வந்து குடிக்கிறன், மூடி வெய்யி" என்றான். அவள் மூடி வைத்தாள். அவன் திரும்பி வரும்வரை அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவன் வந்தான். வலையை உதறிப் போட்டுவிட்டு, எப்போதும் வந்ததும் சொல்கிற ஒரே வார்த்தையைச் சொன்னான். குடித்தான்.

அன்றைக்கு வலையில் நல்ல வவ்வா மீன் விழுந்திருந்தது. "மதாமுக்கு எடுத்துனு போ" என்று அவனே பொறுக்கிக் கூடையில் வைத்தான். அவள் வேண்டாமென்று சொல்லிப்பார்த்தாள். ஏன் என்று கேட்டான். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. எதிர்வீட்டில் சின்னப்பொண்ணு உட்கார்ந்து சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டிருந்தாள். பச்சைக் கதவு மட்டும் திறந்திருந்தது. ஏலேன் மதாம் பூப்போட்ட கவுன் போட்டிருந்தாள். மேசையில் இரண்டு தட்டு.

"வந்துட்டியா? உக்காரு, உக்காரு. ராத்திரியெல்லாம் இதையேதான் நெனச்சிகினு இருந்தேன், உங்கிட்ட கேக்க மறந்துட்டேன்." மதாம் அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். "உன் வீட்டுக்காரர் வந்தாரே, வந்ததும் முதல்ல என்ன சொன்னாரு?"

வீராயி குனிந்து கூடையின் ஈரச்சாக்கைச் சரிசெய்தாள். 

"பசிக்குதுன்னாரு மதாம்."

மதாம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பெரிய வவ்வா ரெண்டையும் நறுக்கிக் குடுத்துட்டுப் போ" என்றாள். "அவருக்கு வவ்வான்னா அவ்ளோ பிடிக்கும்."